சிறுமலைப் பாம்பும் லண்டன் சேகரிப்பும்: ஓர் உதவித்தொகை விண்ணப்பம் குறித்து

கேள்வி: மதுரையில் அரசு உதவிபெறும் கல்லூரி ஒன்றில் விலங்கியல் உதவிப் பேராசிரியராகப் பணிபுரிகிறேன். சிறுமலையிலும் பழனி மலையின் கீழ்ச்சரிவுகளிலும் வாழும் கேடயவால் பாம்புகளைப் பற்றி ஆராய்ந்து முனைவர் பட்டம் பெற்றேன். அந்த ஆய்வை இப்போதும் தொடர்கிறேன். இவற்றின் மூல மாதிரிகளை, அதாவது இனத்தை முதன்முதலில் விவரித்துப் பெயரிடப் பயன்பட்ட உடல்களை, லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் தங்கி ஆராய விரும்பி, சென்ற ஆண்டு ஓர் அறக்கட்டளையின் உதவித்தொகைக்கு விண்ணப்பித்தேன். 'நேரில் வர வேண்டிய தேவை போதிய அளவு நிறுவப்படவில்லை' என்று ஒரே வரியில் மறுத்துவிட்டார்கள். இந்த ஆண்டு மீண்டும் விண்ணப்பிக்க எண்ணுகிறேன். பரிந்துரைக் கடிதம் கேட்டதற்கு மூத்த பேராசிரியர் ஒருவர், 'நீங்களே எழுதிக் கொண்டு வாருங்கள், கையெழுத்துப் போடுகிறேன்' என்கிறார். கல்லூரி நிர்வாகமோ தேர்வான பிறகு தடையின்மைச் சான்றைப் பற்றிப் பேசலாம் என்கிறது. நான் சேகரித்து வைத்துள்ள திசு மாதிரிகளையும் எடுத்துச் சென்றால் அங்கேயே மரபணுப் பகுப்பாய்வை முடித்துவிடலாம் என்று நண்பர் ஒருவர் சொல்கிறார். மூன்று கட்டுரைகள் மட்டுமே வெளியாகியிருக்கும் எனக்கு வாய்ப்பு உண்டா? சென்ற ஆண்டின் விண்ணப்பத்தையும் இணைத்துள்ளேன்.

– ஒரு வாசகி, மதுரை

பதில்:

அன்புள்ள பேராசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அருங்காட்சியகச் சேகரிப்புகளோடு நெடுங்காலம் பணியாற்றியவன் என்ற முறையிலும், இத்தகைய உதவித்தொகைகளுக்கான தேர்வுக் குழுக்களில் அமர்ந்தவன் என்ற முறையிலும் உங்கள் விண்ணப்பத்தை முழுவதும் படித்தேன். உங்களுக்கு வந்த ஒற்றை வரி மறுப்பு மனத்தை வருத்தியிருக்கும். ஆனாலும் மறுப்புக் கடிதங்களில் காரணம் சொல்லப்படுவதே அரிது. இங்கே சரியான காரணத்தைச் சொல்லியிருக்கிறார்கள். உங்கள் தகுதியையோ ஆய்வுப் பொருளையோ அவர்கள் குறை கூறவில்லை. நீங்கள் ஏன் அங்கே வர வேண்டும் என்பது விண்ணப்பத்தில் இல்லை என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். அது உண்மையும்கூட.

விண்ணப்பத்தின் முதல் பக்கம் முழுவதும் மேற்குத் தொடர்ச்சி மலையின் பல்லுயிர் வளம், காலநிலை மாற்றம், பாம்புகளைப் பற்றிய பொதுமக்களின் அச்சம் ஆகியவற்றுக்கே செலவாகிவிட்டது. இந்தப் பாம்புகளை முதன்முதலில் விவரித்த பெட்டோமின் பெயர் மூன்றாம் பக்கத்தில்தான் வருகிறது. எந்த மாதிரியைப் பார்க்க விரும்புகிறீர்கள் என்பதற்கு ஒரு பதிவு எண்கூட இல்லை. 'தொடர்புடைய மாதிரிகள் அனைத்தும்' என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரே அமர்வில் பல விண்ணப்பங்களைப் படிக்கும் குழு உறுப்பினர் ஒவ்வொன்றிலும் தேடுவது ஒரே விடையைத்தான்: அந்தப் பேழைக்குள் இருக்கும் எந்தப் பொருள், வேறு எந்த வழியிலும் கிடைக்காத எந்தத் தகவலை, இந்த ஆய்வாளருக்குத் தரப்போகிறது? இதற்கு முதல் பத்தியிலேயே விடை இருந்தால் மற்றக் குறைகள் மன்னிக்கப்படும். இல்லையென்றால் மற்ற நிறைகள் கண்ணில் படுவதே இல்லை.

உங்கள் கையில் அந்த விடை இருக்கிறது; அதை நீங்கள் எழுதவில்லை என்பதுதான் எனக்கு ஆதங்கம். சென்னை மாகாண வனத்துறையில் பணியாற்றி, அதன் தலைமை வனப் பாதுகாவலராக 1882 வரை இருந்த ரிச்சர்ட் ஹென்றி பெட்டோம், பழனி மலைப் பாம்பை 1863இலும் சிறுமலைப் பாம்பை 1877இலும் அறிவியல் உலகுக்கு விவரித்தார். திண்டுக்கல்லின் பெயரையே அந்தச் சிறுமலைப் பாம்பு தன் அறிவியல் பெயரில் இன்றும் தாங்கி நிற்கிறது. அவர் விவரிப்புக்குப் பயன்படுத்திய உடல்கள் லண்டனில் சாராயக் குடுவைகளில் இருக்கின்றன. அவர் காலத்தில் பல உடல்களை ஒன்றாக வைத்துக்கொண்டு ஒரு விவரிப்பை எழுதுவதே வழக்கமாக இருந்தது. இதுதான் பெயருக்கு உரிய உடல் என்று ஒன்றை மட்டும் தனியே குறிக்கும் கட்டுப்பாடு பின்னால் வந்தது. ஆகவே ஒரு பெயரின் கீழுள்ள குடுவையில் இரண்டு இனங்கள் கலந்திருக்கக்கூடும்; அப்படிக் கலந்திருந்தால், உங்கள் கையிலுள்ள சிறுமலைப் பாம்புக்கு அந்தப் பெயர் பொருந்துமா என்பதை அந்த உடல்களைப் பார்க்காமல் யாராலும் தீர்த்துச் சொல்ல முடியாது. உங்கள் விண்ணப்பத்தின் உயிர்நாடி இதுதான். பின்னால் வந்த ஆய்வாளர் எவராவது அந்தத் தொகுதியிலிருந்து ஓர் உடலைப் பெயர்தாங்கியாக ஏற்கெனவே தேர்ந்தெடுத்திருக்கிறாரா, இல்லையா என்பதையும் நீங்கள் தேடிக் கண்டு எழுதியாக வேண்டும். அதை எழுதாத விண்ணப்பத்தை ஊர்வனவியல் அறிந்த உறுப்பினர் அங்கேயே மூடிவைத்துவிடுவார்.

எனவே முதல் பத்தியை ஏறத்தாழ இப்படித் தொடங்குங்கள்: '1877இல் பெட்டோம் விவரித்த சிறுமலைக் கேடயவால் பாம்பின் மூல மாதிரிகள் இத்தனை; அவற்றின் பதிவு எண்கள் இவை. சிறுமலையில் நான் அனுமதியுடன் சேகரித்த இத்தனை பாம்புகள் வெளியான விவரிப்போடு இன்னின்ன செதில் எண்ணிக்கையில் வேறுபடுகின்றன. இந்த வேறுபாடு உண்மையானதா, பழைய எண்ணும் முறையால் வந்ததா என்பதை அந்த மாதிரிகளை நேரில் எண்ணித்தான் முடிவு செய்ய இயலும்.' இந்த மூன்று வாக்கியங்களும் உங்கள் பழைய முதல் பக்கத்தின் இடத்தைப் பிடித்துவிடும். பல்லுயிர் வளத்தைப் பற்றி அவர்களுக்கு நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

எண்ணும் முறையைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் உங்கள் பயணத்தின் தேவையை நிறுவப்போவதே அதுதான். பாம்பின் வயிற்றுச் செதில்களை எங்கிருந்து எண்ணத் தொடங்குவது என்பதற்கு 1951இல் டௌலிங் என்ற ஊர்வனவியலாளர் ஒரு முறையை வகுத்தார். கேடயவால் பாம்புகளிலோ வயிற்றுச் செதில்கள் மிகக் குறுகலானவை. கழுத்துப் பகுதியில் அவற்றைப் பக்கச் செதில்களிலிருந்து பிரித்தறிவதே கடினம். அதனால் இந்தக் குடும்பத்துக்கும் அதன் உறவினங்களுக்கும் ஏற்ற எண்ணும் முறையைப் பற்றி 2006இல் தனியே ஒரு கட்டுரை வெளியானது. பெட்டோமும், 1893இல் லண்டன் அருங்காட்சியகப் பாம்புப் பட்டியலின் முதல் தொகுதியைத் தந்த பூலஞ்சேவும், 1943இல் இந்தியப் பாம்புகளைத் தொகுத்த மால்கம் சுமித்தும் எண்ணிச் சொன்னவை அனைத்தும் இந்த முறைகள் வருவதற்கு முற்பட்டவை. இரண்டு மூன்று செதில்களின் வேறுபாட்டை வைத்துக்கொண்டு ஓர் இனத்தைப் பிரிக்கும்போது, அந்த வேறுபாடு பாம்பில் இருக்கிறதா, எண்ணியவரின் முறையில் இருக்கிறதா என்று கேட்காத அறிவியலாளர் இருக்க முடியாது. உங்கள் சிறுமலைப் பாம்புகளை இரு முறைகளிலும் எண்ணி, ஓர் அட்டவணையாக விண்ணப்பத்தோடு இணையுங்கள். லண்டனுக்குப் போய் என்ன செய்வீர்கள் என்பதை அந்த அட்டவணையில் லண்டன் மாதிரிகளுக்காகக் காலியாக விட்ட நெடுவரிசையே குழுவுக்குச் சொல்லிவிடும்.

பதிவு எண்களைத் திரட்டுவதில் ஒரு சிக்கல் உண்டு. அதையும் இப்போதே தெரிந்துகொள்ளுங்கள். அந்த அருங்காட்சியகத்தின் பழைய எண்கள் மாதிரி வந்து சேர்ந்த ஆண்டு, மாதம், நாள், வரிசை என்ற அமைப்பில் இருக்கும்; ஆண்டின் கடைசி இரண்டு இலக்கங்கள் மட்டுமே முன்னால் வரும். இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஊர்வனவற்றின் மூல மாதிரிகளுக்கு 1946 என்று தொடங்கும் புதிய எண்களை இட்டார்கள். ஒரே பாம்பு பழைய நூலில் ஓர் எண்ணிலும் புதிய கட்டுரையில் வேறோர் எண்ணிலும் தோன்றுவது இதனால்தான். இரண்டையும் இணைத்து, 'முன்பு இன்ன எண், இப்போது இன்ன எண்' என்று பட்டியலிட்டு அனுப்பினால், சேகரிப்பைப் பற்றி நீங்கள் முன்கூட்டியே உழைத்திருக்கிறீர்கள் என்பதற்கு வேறு சான்று தேவைப்படாது. பூலஞ்சேயின் பட்டியல் மாதிரிகளை இடம், கொடுத்தவர், செதில் எண்ணிக்கை ஆகியவற்றோடு வரிசைப்படுத்துகிறது. அதிலிருந்து தொடங்கி, அருங்காட்சியகத்தின் இணையத் தரவுத்தளத்தோடு ஒப்பிடுங்கள்.

அடுத்து, புகைப்படம் போதாதா என்ற கேள்வி கட்டாயம் எழும். மூல மாதிரிகளைக் கடனாகக் கடல் கடந்து அனுப்ப எந்தப் பெரிய அருங்காட்சியகமும் எளிதில் இசைவதில்லை. ஆனால் கேட்டால் படம் எடுத்து அனுப்புவார்கள். ஆகவே முதலில் படங்களைக் கேட்டுப் பெறுங்கள். அந்தப் படங்களில் எது தெரிகிறது, எது தெரியவில்லை என்பதை விண்ணப்பத்தில் எழுதுங்கள். சுருண்டு இறுகிப்போன உடலின் கழுத்தடிச் செதில்கள் படத்தில் தெரியாது. தலையின் செதில் பொருத்துகளை உருப்பெருக்கியின் கீழ் திருப்பித் திருப்பிப் பார்த்தால்தான் விளங்கும். வால் கேடயத்தின் முட்களை ஒளியின் கோணத்தை மாற்றாமல் எண்ண முடியாது. நிறத்தை மட்டும் நம்பாதீர்கள்: உயிரோடு இருக்கும்போது மஞ்சளாக இருந்த புள்ளிகள் நூறாண்டுச் சாராயத்தில் வெளுத்துப்போயிருக்கும்.

நம் நாட்டிலேயே பார்க்க வேண்டியவற்றைப் பார்த்துவிட்டீர்களா என்பதும் அதே அளவு முக்கியம். கொல்கத்தாவிலுள்ள இந்திய விலங்கியல் மதிப்பாய்வகத்தின் தேசியச் சேகரிப்பு, சென்னையிலுள்ள அதன் தென்மண்டல மையம், எழும்பூர் அரசு அருங்காட்சியகம், மும்பையில் 1883 முதல் இயங்கிவரும் இயற்கை வரலாற்றுக் கழகம் ஆகியவற்றில் பழனி, சிறுமலைப் பாம்புகள் எவை உள்ளன என்று எழுதிக் கேட்டிருக்க வேண்டும். சென்னைக்காவது நேரில் போயிருக்க வேண்டும். உங்கள் விண்ணப்பத்தில் இவற்றுள் ஒன்றின் பெயரும் இல்லை. மாட்டுத்தாவணியில் இரவுப் பேருந்து ஏறினால் விடியும்போது போய்ச் சேர்ந்துவிடக்கூடிய சென்னைச் சேகரிப்பைப் பார்க்காதவருக்கு லண்டன் வரப் பணம் தருவானேன் என்று ஒரு குழு நினைத்தால், அதைத் தவறென்று என்னால் சொல்ல முடியவில்லை.

காப்பாட்சியருக்கு முன்கூட்டியே எழுதலாமா என்று நீங்கள் கேட்கவில்லை. ஆயினும் நம் ஊரில் பலரும் தயங்கும் இடம் அது என்பதால் சொல்கிறேன். எழுதலாம் என்பது மட்டுமன்று, எழுதியே ஆக வேண்டும். அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனம் தன் ஆய்வு உதவித்தொகைக்கு விண்ணப்பிப்போரை, வழிகாட்டியாக விளங்கக்கூடிய தன் ஆய்வாளரை முன்னரே தொடர்புகொள்ளச் சொல்கிறது. பெரியவர்களைத் தொந்தரவு செய்கிறோமோ என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள். சேகரிப்பைப் பயன்படுத்துவோருக்கு உதவுவது அவர்களுடைய பணியின் ஒரு பகுதி. கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்டக் கூடாது. நீங்கள் யார், எந்த மாதிரிகள், எத்தனை நாள்கள், எந்த மாதம், உருப்பெருக்கியும் படக்கருவியும் அங்கே கிடைக்குமா என்பவை போதும். 'நீங்கள் வந்தால் இந்த மாதிரிகளை எடுத்துத் தருவோம், இன்ன மாதத்தில் இடம் உண்டு' என்று அவர் எழுதும் பதில், உங்கள் விண்ணப்பத்தில் இணைக்கத்தக்க ஆவணங்களுள் முதன்மையானது.

நாள்களைக் கணக்கிடும்போது ஆசையை அடக்குங்கள். ஒரு சிறிய பாம்பை வெளியே எடுத்து, அளந்து, இருமுறை எண்ணி, தலை, வயிறு, வால் எனப் படமெடுத்து, பெயர்ச்சீட்டைப் படித்து எழுதி, மீண்டும் குடுவையில் வைக்க அரைமணி நேரத்துக்குக் குறையாது. ஆகவே ஒரு நாளில் பத்துக்குமேல் பார்ப்பேன் என்று எழுதாதீர்கள். சென்ற ஆண்டு மூன்று மாதங்கள் கேட்டிருந்தீர்கள். உங்கள் பட்டியலைப் பார்த்தால் மூன்று வாரங்கள் போதும் என்று தோன்றுகிறது. தேவைக்கு ஏற்ற நாள்களைக் கேட்பவரையே குழு நம்புகிறது. அதே நேரத்தில் செலவைக் குறைத்துக் காட்டியும் எழுத வேண்டாம். தங்குமிடம், உள்ளூர்ப் போக்குவரத்து, விசா, மருத்துவக் காப்பீடு எல்லாவற்றையும் உண்மை விலையில் காட்டுங்கள்.

பரிந்துரைக் கடிதத்தை நீங்களே எழுதிக்கொள்ளாதீர்கள். நம் கல்லூரிகளில் இது வழக்கமாகிவிட்டது என்பதும், மறுத்தால் மூத்தவர் மனம் கோணுவார் என்ற உங்கள் அச்சமும் எனக்குப் புரிகின்றன. ஆயினும் ஒருவர் கருத்தென்று இன்னொருவர் எழுதித் தருவது உண்மைக்குப் புறம்பானது. அது ஒருபுறமிருக்க, அது பயனும் தருவதில்லை. விண்ணப்பத்தின் நடையும் பரிந்துரையின் நடையும் ஒன்றாக இருப்பது, இரண்டையும் அடுத்தடுத்துப் படிப்பவருக்கு உடனே தெரிந்துவிடும். அதன்பின் உங்கள் எழுத்தையும் சந்தேகத்தோடுதான் படிப்பார். மூத்த பேராசிரியரிடம் மரியாதையாக, 'ஐயா, உங்கள் சொற்களில் நான்கு வரிகள் இருந்தாலே போதும். நினைவுக்கு உதவியாகக் குறிப்புகளைத் தருகிறேன்' என்று சொல்லி, அவரோடு சேர்ந்து செய்த களப்பணி, எழுதிய கட்டுரை, நீங்கள் இப்போது கேட்கும் உதவித்தொகையின் நோக்கம் ஆகியவற்றை ஒரே தாளில் எழுதிக் கொடுங்கள். அதற்கும் அவர் இசையாவிட்டால் வேறொருவரைத் தேடுங்கள். நான் சொன்னபடி சென்னைச் சேகரிப்பில் சில நாள்கள் வேலை செய்வீர்களானால், அங்கே உங்களை அருகிலிருந்து பார்த்த அறிவியலாளர், 'இவர் குடுவையை எடுத்த இடத்தில் திரும்ப வைக்கிறார், பெயர்ச்சீட்டை உடலோடு சேர்த்தே வைக்கிறார், எண்ணியதை மறுநாள் மீண்டும் எண்ணிச் சரிபார்க்கிறார்' என்று எழுத முடியும். துறைத் தலைவரின் பொதுவான புகழுரையைவிட அருங்காட்சியகத்தார் மதிப்பது இதைத்தான்.

திசு மாதிரிகளைப் பற்றி உங்கள் நண்பர் சொன்ன யோசனையை அறவே விட்டுவிடுங்கள். இதில் நான் சற்றும் விட்டுக்கொடுத்துப் பேச விரும்பவில்லை. 2002ஆம் ஆண்டின் உயிரியல் பன்முகத்தன்மைச் சட்டம் நம் உயிர்வளத்தை வெளிநாட்டு ஆய்வகங்களுக்குக் கொண்டுசெல்வதைக் கட்டுப்படுத்துகிறது. சென்னை தரமணியில் இயங்கும் தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் முன் அனுமதி இல்லாமல் பெட்டியில் வைத்துக்கொண்டு போவது உங்கள் பணிக்கும் பெயருக்கும் தீங்காக முடியும். நேர்மையான அருங்காட்சியகம் எதுவும் அனுமதிச் சான்று இல்லாத பொருளை வாங்கவும் வாங்காது. மரபணுப் பகுப்பாய்வை இந்தியாவிலேயே ஓர் ஆய்வகத்தில் முடித்துக்கொள்ளுங்கள். லண்டன் பயணம் செதில்களுக்கும் எலும்புக்கும் மட்டுமானதாக இருக்கட்டும். ஆய்வு முடிவுகளை அங்குள்ளவர்களோடு கூட்டாகப் பகிரும் எண்ணம் இருந்தால், அதற்கும் அனுமதி வேண்டுமா என்று ஆணையத்துக்கு இப்போதே எழுதிக் கேட்டுவிடுங்கள்.

பழைய உடல்களிலிருந்து ஒரு துளி திசு கேட்கலாமா என்ற ஆசையும் வரும். உயிரியல் மாதிரிகளைப் பதப்படுத்த பார்மலினைப் பயன்படுத்தத் தொடங்கியது 1893இல்தான். பெட்டோமின் பாம்புகள் அதற்கு முன்னரே சாராயத்தில் இடப்பட்டவை என்பதால் மரபணு கிடைக்கும் வாய்ப்பு உண்மையிலேயே உண்டு. ஆனாலும் மூல மாதிரியில் கத்தி வைக்கும் வேண்டுகோளை, உங்களை அறியாத ஒரு நிறுவனத்திடம் முதல் விண்ணப்பத்திலேயே வைக்காதீர்கள். உடலைச் சேதப்படுத்தாத சி.டி. ஊடுகதிர்ப் படம் எடுக்க முடியுமா என்று கேட்கலாம்.

நீங்கள் சிறுமலையில் சேகரித்த பாம்புகளுக்கு வனத்துறை தந்த அனுமதியின் எண்ணும் நாளும் விண்ணப்பத்தில் இடம்பெற வேண்டும். பாம்புகள் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்கு உட்பட்டவை. வாழைத் தோட்டத்தில் மண்வெட்டியில் அடிபட்டு இறந்து கிடந்ததை எடுத்துப் பாதுகாத்ததாக இருந்தாலும், அதை எப்போது, யாருக்குத் தெரிவித்தீர்கள் என்பதற்குப் பதிவு இருக்க வேண்டும். ஒருவேளை உங்கள் ஆய்வின் முடிவில் புதிய இனம் ஒன்று தேறினால், அதன் சான்று மாதிரியை அரசு குறித்துள்ள களஞ்சியம் ஒன்றில் ஒப்படைப்பது சட்டப்படி உங்கள் கடமை. கல்லூரி ஆய்வகத்தின் அலமாரி அதற்கு ஈடாகாது.

தடையின்மைச் சான்றைப் பொறுத்தவரை நிர்வாகம் சொல்வதில் பாதி நியாயம் உண்டு. கிடைக்காத உதவித்தொகைக்கு விடுப்பு ஆணை வழங்க முடியாதுதான். ஆனால் தேர்வான பிறகு தொடங்கினால் கல்லூரிச் செயலர், முதல்வர், மண்டல இணை இயக்குநர் அலுவலகம் என்று கோப்பு நகர்ந்து முடிவதற்குள் பயண மாதம் கடந்துவிடும். 'விண்ணப்பிப்பதில் கல்லூரிக்கு ஆட்சேபணை இல்லை. தேர்வு செய்யப்பட்டால் விதிகளுக்கு உட்பட்டு விடுப்பு பரிந்துரைக்கப்படும்' என்ற இரு வாக்கியக் கடிதத்தை இப்போது கேளுங்கள். யாரையும் எதற்கும் கட்டுப்படுத்தாத கடிதம் என்பதால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். பயண மாதத்தைக் கோடை விடுமுறையில் வைத்துக்கொண்டால் வகுப்பு பாதிக்கப்படும் என்ற பேச்சும் எழாது.

மூன்று கட்டுரைகள் போதுமா என்று கேட்டிருந்தீர்கள். போதும். அவற்றுள் ஒன்று சிறுமலைப் பாம்பின் உணவைப் பற்றிய நேரடிக் களக் குறிப்பு. அதை முதலில் வையுங்கள். பணம் பெற்றுக்கொண்டு எதையும் வெளியிடும் இதழில் வந்ததாக நீங்களே ஐயப்படும் அந்த மற்றொரு கட்டுரையைப் பட்டியலின் நடுவில் மறைக்க முயலாமல், உங்கள் ஆய்வோடு தொடர்பில்லாதது என்பதால் விட்டுவிடலாம். முழுப் பட்டியலும் கேட்கப்பட்டால் மட்டும் சேருங்கள். ஆங்கில நடையைப் பற்றிக் கவலை வேண்டாம். வாக்கியங்கள் குறுகியவையாகவும் எண்கள் சரியானவையாகவும் இருந்தால் போதும்.

இன்னொரு பத்தியை விண்ணப்பத்தின் இறுதியில் சேர்க்கும்படி வற்புறுத்துகிறேன். அங்கே நீங்கள் எடுக்கும் படங்களும் அளவுகளும் திரும்பி வந்த பின் யாருக்குக் கிடைக்கும்? சிறுமலைப் பாம்பின் மூல மாதிரியைப் பார்க்க விரும்பும் திண்டுக்கல் மாணவர் ஒருவர் இன்றும் உங்களைப் போலவே கடல் கடக்க வேண்டியிருக்கிறது. அருங்காட்சியகத்தின் இசைவோடு படங்களின் ஒரு தொகுதியை உங்கள் கல்லூரி விலங்கியல் துறையிலும், மற்றொன்றைச் சென்னைத் தென்மண்டல மையத்திலும் வைப்பதாக எழுதுங்கள். இசைவுக்கான நிபந்தனைகளைக் காப்பாட்சியரிடம் முதல் கடிதத்திலேயே கேட்டுவிடலாம். அந்தக் கடிதம் எவ்வளவு விரைவில் போகிறதோ அவ்வளவு நல்லது.